பதில் சொல்லாத பறவை

“இதுக்கு மேல ஜீப்பு ஏறாது! இறங்கிக்கிடுங்க!”

ஓட்டுநர் சொல்லி முடிப்பதற்குள் ஜெபின் சேற்றில் குதித்துவிட்டான். எதிரே ஆறு சீறிக்கொண்டு ஓடியது. ஆற்றுக்கு அப்பால் காடு. காட்டுக்கு மேலே, மேகத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்றது மஞ்சுமொட்டை.

அந்த மலையின் உச்சியில் ஒரு புதையல் இருப்பதாக மூன்று பேர் நம்பினார்கள். வேறு யாரும் நம்பவில்லை.

புதையல் என்றால் பொன்னோ மணியோ அல்ல. ஒரு குருவி! உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதுகு கருநீலம், வயிறு சாம்பல். ஓர் எலுமிச்சம்பழத்தின் கனம்கூட இராது. அதைத் தேடித்தான் மூவரும் வந்திருந்தார்கள்.

ஜெபின் குமரி மாவட்டத்துக்காரன். பறவைகளின் குரலைப் பதிவு செய்வது அவன் வேலை. இந்த மலைத்தொடரின் யானைத்தடங்கள் அவனுக்குத் தன் ஊர்ச் சந்துகளைப் போல. அங்கவை கோயம்புத்தூர்ப் பெண். மரபணு ஆய்வகத்தில் வெள்ளை அங்கி போட்டு வேலை செய்கிறவள். சின்ன வயதிலிருந்தே கடல் கடந்த பயணக் கதைகளைப் படித்துப் படித்து, தனக்கும் ஒரு நாள் அப்படி ஒரு பயணம் வாய்க்கும் என்று காத்திருந்தவள். மூன்றாமவர் காஜா மைதீன். பிறந்தது மேலப்பாளையம், பிழைப்பு சென்னை அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவில். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இடுப்புச் சுற்றளவும் கொஞ்சம் தாராளம்தான்.

“அண்ணாச்சி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஜீப்பு திரும்பிப் போவுது. ஏறிக்கிடுங்க,” என்றான் ஜெபின்.

“ஏல, இருபது வருசமா அந்தக் குருவியை நான் பூச்சி அரிக்காமப் பாத்துக்கிட்டிருக்கேன். அதோட ஊரை நான் பாக்க வேண்டாமா?” என்று காஜா மைதீன் வேட்டியை மடித்துக் கட்டினார். “கயித்தைப் பிடி. நான் நடுவுல வாரேன்.”

மூவரும் கயிற்றைப் பற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். குளிர் முழங்கால் எலும்பைக் கடித்தது.

*

கதை ஆரம்பித்தது அருங்காட்சியகத்தின் ஓர் இழுப்பறையில்.

அதில் சோலைநீலன் என்ற பாடும் பறவையின் பதப்படுத்திய உடல்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் நூறு வருடங்களுக்கும் மேற்பட்டவை. ஏறக்குறைய எல்லாமே, மலைத்தொடரை இரண்டாகப் பிரிக்கும் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகளில் சுடப்பட்டவை. ஒன்றே ஒன்று மட்டும் தெற்கே, மஞ்சுமொட்டையில் கிடைத்தது. பார்த்தால் மற்றவற்றைப் போலவேதான் இருந்தது. வயிறு மட்டும் கொஞ்சம் மங்கல். ‘பழசாகி வெளுத்துப் போயிருக்கும்’ என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அங்கவை விடவில்லை. காஜா மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, அந்தப் பறவையின் கால் விரலடியிலிருந்து அரிசி நொய் அளவு காய்ந்த தோலைச் சீவி எடுத்தாள். அதிலிருந்து மரபணுவைப் பிரித்தாள். வடக்கத்திப் பறவைகளின் மரபணுவோடு ஒப்பிட்டாள். திரையில் விடை வந்தபோது எழுந்து நின்றுவிட்டாள்.

குளிர்ந்த மலை உச்சிகளில் மட்டும் வாழ்கிற பறவை அது. வெப்பமான கணவாயில் இறங்கி ஏற அதனால் முடியாது. கடலில் தனித்தனித் தீவுகளில் மாட்டிக்கொண்டவர்களைப் போல, வடக்கே ஒரு கூட்டமும் தெற்கே ஒரு கூட்டமும் பல லட்சம் வருடங்களாகச் சந்திக்கவே இல்லை! நிறம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் அவை இரண்டும் வேறு வேறு இனங்கள்.

உற்சாகமாக அறிவித்தவளுக்கு மற்ற ஆய்வாளர்களிடமிருந்து தலையில் தண்ணீர் ஊற்றியது போல பதில் வந்தது. நூறு வருடத்துத் தோல், சிதைந்துபோன மரபணு. அதுவும் ஒரே ஒரு பறவை. ஆய்வகத்தில் ஏதாவது கலந்திருக்கும். உயிரோடு ஒன்றைக் காட்டு, அப்புறம் பேசலாம்.

அதற்குள் மலை உச்சிக்கு ஒரு சாலையும் சுற்றுலா விடுதியும் வரப்போவதாக ஏறக்குறைய முடிவாகி, அடிவாரத்தில் மரம் வெட்டும் வேலையும் தொடங்கியிருந்தது. சாலை சோலைக்காடுகளின் நடுவே போகும். ‘அங்கே சோலைநீலன் இருந்தால் என்ன? வடக்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறதே! இழப்பு ஒன்றுமில்லை’ என்றது திட்ட அறிக்கை. திட்டத்துக்கான ஆய்வுக் குழு கடைசியாகக் கூடி முடிவெடுக்க இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது.

அதற்குள் பறவையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் ஒரு சொட்டு ரத்தமாவது வேண்டும். இல்லையென்றால், தனி இனம் ஒன்று, தனி இனம் என்று யாருக்கும் தெரியாமலே அழிந்துபோகும்!

*

அட்டைகள்! இலைக்கு இலை, புல்லுக்குப் புல், உடலை நீட்டிக்கொண்டு ரத்தத்துக்குக் காத்திருந்தன. மூங்கில் காடு முடிந்து பெருமரக் காடு வந்தது. பெருமரக் காடு முடிந்து, மரங்கள் குட்டையாகி, பாசி தாடியாகத் தொங்கும் உயரம் வந்தது. ஓரிடத்தில் ஜெபின் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். புதருக்குப் பின்னால் கன்னங்கரேலென்று ஒரு காட்டெருது பெருமூச்சு விட்டது. மூவரும் மரத்தோடு மரமாக நின்றார்கள். அது அவர்களை அலட்சியமாகப் பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது.

“அது என்னைப் பாத்த பார்வை இருக்கே,” என்றார் காஜா மைதீன் மூச்சிரைக்க, “எங்க மேலதிகாரி பாக்குற மாதிரியே இருந்துச்சு.”

உச்சிப் புல்வெளியை அடைந்தபோது காற்று அவர்களை ஓர் அடி பின்னால் தள்ளியது. புல்வெளியின் மடிப்புகளில் கரும்பச்சைத் திட்டுகளாகச் சோலைகள் ஒளிந்திருந்தன. இங்கேதான்! இவற்றில் ஏதோ ஒன்றில்தான்!

அவர்களிடம் ஒரு சாவி இருந்தது. சோலைநீலன் தன் எல்லைக்குள் வேறொரு சோலைநீலன் பாடுவதைப் பொறுத்துக்கொள்ளாது. எதிராளி வந்துவிட்டான் என்று கோபத்தோடு பறந்து வந்து பதிலுக்குப் பாடும். வடக்கே ஜெபின் பதிவு செய்து வைத்திருந்த பாட்டை ஒலிபெருக்கியில் போட்டால் போதும், வடக்கு மலைகளில் அது முகத்துக்கு நேரே வந்து நிற்கும். இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட அந்தச் சாவி தவறியதில்லை.

முதல் சோலையின் ஓரத்தில் ஜெபின் ஒலிபெருக்கியை முடுக்கினான். குழல் ஊதுவது போன்ற கணீரென்ற பாட்டு மரங்களுக்குள் பரவியது.

காத்திருந்தார்கள்.

மரத்தவளை ஒன்று கத்தியது. வேறொன்றுமில்லை.

“அடுத்தது,” என்றான் ஜெபின்.

அடுத்த சோலையிலும் ஒன்றுமில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. போவதும், பாட்டைப் போடுவதும், காத்திருப்பதும், வரைபடத்தில் அந்தச் சோலையைக் கோடு போட்டு அடிப்பதுமாக இரண்டு பகல் ஓடியது. மூடுபனி இறங்கும்போது ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்கள். ரொட்டி ஈரமாகிக் களியானது. வரைபடத்தில் அடிக்காத சோலை ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

“நான் ஒண்ணு சொல்லட்டா?” என்றான் ஜெபின். விளையாட்டுக் குரல் அவனிடமிருந்து போய்விட்டிருந்தது. “இருந்திருந்தா வந்திருக்கும். எனக்க அனுபவத்துல வராம இருந்ததே இல்ல, கேட்டியா. நாம கொஞ்சம் பிந்திட்டோம் போல. ஒரு அம்பது வருசம் பிந்திட்டோம்.”

அங்கவை வரைபடத்தைப் பார்த்தாள். தான் ஆய்வகத்தில் பேசிக்கொண்டிருந்தது ஒரு செத்த இனத்தோடு மட்டும்தானா? அப்படியானால் சாலை வரட்டும். தடுக்க யாருக்கு என்ன உரிமை?

“இன்னும் ஒரு சோலை இருக்குதுங்களே,” என்றாள் கடைசியில். “அதையும் பாத்துட்டுப் போயிரலாமுங்க.”

*

கடைசிச் சோலை ஒரு பிளவுக்குள் இருந்தது. இருபுறமும் பாறைச் சுவர், நடுவே ஓடை. அதைக் கடந்தால்தான் உள்ளே போக முடியும். ஜெபின் முதலில் தாண்டினான். அங்கவை தாண்டினாள். ஒலிபெருக்கிப் பையைச் சுமக்கும் முறை காஜா மைதீனுடையது. அவர் ஒரு பாசிப் பாறையில் காலை வைத்தார்.

“சார், அந்தக் கல்லு இல்லீங்க! இந்தப் பக்கம்!”

அதற்குள் அவர் கால் வழுக்கிவிட்டது!

ஒரு கை மரவேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. உடல், ஓடை பள்ளத்தில் விழும் விளிம்புக்கு அப்பால் தொங்கியது. ஒலிபெருக்கிப் பை தோளிலிருந்து கழன்று கீழே பாய்ந்து, பாறையில் மோதி, மறுபடி மோதி, நுரைக்குள் மறைந்தது.

“விட்ராதீங்க அண்ணாச்சி! வேரை விட்ராதீங்க!”

ஜெபின் கயிற்றை ஒரு காட்டுநாவலின் அடிமரத்தில் சுற்றினான். மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்து ஊர்ந்தான். மிச்சக் கயிற்றை அவர் அக்குளுக்கு அடியில் கொடுத்து வளைத்தான். “இழு அங்கவை! இழு!” அவள் பாறையில் இரண்டு பாதங்களையும் முட்டுக்கொடுத்து இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அங்குலம் அங்குலமாக அந்தப் பெரிய உடல் மேலே வந்தது.

வந்ததும் அவர் கத்தினார். வலது கால் கணுக்காலுக்கு மேலே தவறான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தூக்கிக்கொண்டு ஏறுவது இருவரால் ஆகாத காரியம். ஓடையோரத்தில் முன்தள்ளிய பாறை ஒன்றின் கீழே அவரைக் கிடத்தினார்கள். பிளவுக்குள் வயர்லெஸ் எடுக்கவில்லை. ஜெபின் மலைமுகட்டுக்கு ஏறி, அடிவார முகாமைக் கூப்பிடக் கிளம்பினான்.

“இனி இருட்டப் போவுது. தூக்குக் கட்டில் கொண்டு ஆளுங்க வர எப்படியும் விடிஞ்சிரும். நான் முகட்டுலயே இருந்து வழி காட்டிக் கூட்டிட்டு வாறேன். நீ அண்ணாச்சியைப் பாத்துக்க.” குரல் பதியும் கருவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

காலில் சட்டம் வைத்துக் கட்டக் குச்சிகள் கிடைத்தன. மெத்தைக்குத் துணி வேண்டும். அங்கவை காஜா மைதீனின் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பெரிய பஞ்சுச் சுருள். கூரிய சிறு கத்தி. ஊசி நூல். வெள்ளைத் தூள் நிறைந்த டப்பா.

அவள் கை நின்றது. பறவையை உரித்துப் பதப்படுத்தும் சாமான்கள்!

“இதெல்லாம் எதுக்குங்க சார்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“சார்! கேக்கறேனில்லீங்க? கொல்றதுக்கு நமக்கு அனுமதியே இல்லை!”

“நான் கொல்லுவேன்னு சொன்னேனா?” அவர் வலியோடு முனகினார். “வலையில மாட்டுற குருவி சிலது பயந்தே செத்துப் போகும். அது உனக்கும் தெரியும். அப்படி ஒண்ணு செத்துச்சுன்னா குப்பையிலயா போடச் சொல்லுதே?”

“நீங்க அதுக்குத்தான் வந்தீங்களா? சாகுமான்னு காத்திருக்கறதுக்கா?”

“ஏம்மா, கோபப்படாதே. கொஞ்சம் யோசி. நூறு வருசத்துக்கு முன்னால எவனோ ஒருத்தன் அதைச் சுட்டான். பாவம்தான். ஆனா அவன் சுட்டு வச்சதாலதான் நீ இன்னைக்கு இங்க நிக்கே. உன் பாட்டு, படம் எல்லாம் கம்ப்யூட்டரோட போயிரும். உடம்புதான் நிக்கும். உடம்பு இல்லாம எவன் நம்புவான்?”

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. பஞ்சைப் பிரித்து அவர் காலைச் சுற்றி வைத்துக் கட்டினாள்.

“குருவிக்குக் கொண்டாந்த பஞ்சு,” என்றார் அவர். உதடு நடுங்கியபடி சிரித்தார். “பாத்து, வயித்தைக் கிழிச்சு அடைச்சிராதே.”

காற்று அடங்கியிருந்தது. ஓடையின் சத்தத்தைத் தவிர எதுவுமில்லை. ஒலிபெருக்கி போய்விட்டது. கேள்வி கேட்க இனி வழியில்லை. அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தப் பயணத்தில் முதன்முறையாக ஒன்றும் செய்யாமல் இருந்தாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அது கேட்டது.

மெல்லிய, தாழ்ந்த ஒலி. ஈரக் கண்ணாடியில் விரலை இழுப்பது போல. ஓர் இடைவெளி. மறுபடி, இன்னும் தாழ்வாக. பூச்சியா? அங்கவை தலையைத் திருப்பினாள். ஓடைக்கு மறுகரையில், பாசி மூடிய பாறைமேல், வாலை ஆட்டிக்கொண்டு நின்றது ஒரு கருநீலக் குருவி. சாம்பல் வயிறு. அலகு திறந்தது. ஒலி அதிலிருந்துதான் வந்தது!

“சார்,” என்றாள். “சார்… பாருங்க.”

காஜா மைதீன் முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்தார். “அதேதான். அது என் குருவிதான்,” என்றார் குழந்தையைப் போல. “அப்பறம் ஏன் இத்தனை நாள் வரல?”

ஏன் வரவில்லை? அங்கவைக்குச் சட்டென்று புரிந்தது. எவ்வளவு எளிய பிழை! வேறு இனம் என்று நிரூபிக்க மலையேறியவர்கள், அதே இனம் என்று நினைத்துக்கொண்டு வடக்கத்திப் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பறவைக்கு அது யாரோ அந்நியனின் இரைச்சல். எதிராளியும் அல்ல, உறவும் அல்ல. ஒவ்வொரு சோலையிலும் அது வாயை மூடிக்கொண்டு, இரைச்சல் போகட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அவர்களும் காத்திருக்காமல் அடுத்த சோலைக்கு ஓடியிருக்கிறார்கள்.

அந்த மௌனம் தோல்வியல்ல. அதுவே சான்று! இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று அறியவில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பதிவுக் கருவியைத் திருப்பினாள். குருவி பாடி முடிக்கும்வரை மூச்சுகூட விடவில்லை.

*

விடிந்தும் விடியாத சாம்பல் ஒளியில் அவள் மெல்லிய நைலான் வலையை ஓடையின் குறுக்கே கட்டினாள். காஜா மைதீனுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆனாலும் உட்கார்ந்தே ஆவேன் என்று பாறையில் சாய்ந்துகொண்டார். தூக்கு கொண்டு வருகிறவர்கள் எந்த நேரமும் வந்துவிடலாம். அவர்கள் சத்தத்தில் பறவை கலைந்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

பாட்டை எதில் போடுவது? நேற்றுப் பதிந்ததைக் கைப்பேசிக்கு மாற்றினாள்; வடக்கத்திப் பாட்டும் அதில் இருந்தது. ஆனால் அதன் குரல் ஓடைச் சத்தத்தில் அமுங்கியது. அங்கவை சுற்றும் முற்றும் பார்த்தாள். தேநீர் காய்ச்சும் எவர்சில்வர் செம்பு! அதைப் பக்கவாட்டில் கிடத்திக் கைப்பேசியை உள்ளே நுழைத்தாள். ஒலி இரண்டு மடங்காகிக் கணகணத்தது.

“முதல்ல வடக்கத்தியானைப் போடு,” என்றார் காஜா மைதீன். “வருதான்னு பாப்போம். நாளைக்கு எவனாவது கேப்பான்ல.”

அவள் தலையசைத்தாள். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, காஜா மைதீனின் கையில் படம்பிடிக்கும் கருவியைக் கொடுத்தாள். வடக்கத்திப் பாட்டு ஒலித்தது. நேற்று நின்ற அதே பாறைமேல் வந்து நின்ற குருவி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அலட்சியமாக இறகைக் கோதிக்கொண்டது!

இப்போது வலையை விரித்துவிட்டு, நேற்றுப் பதிந்த பாட்டை ஒலிக்கவிட்டாள்.

குருவி நிமிர்ந்தது. உடம்பை உப்பிக்கொண்டது. அம்பு போலப் பாய்ந்தது! வலையின் மடிப்பில் விழுந்து துடித்தது.

அவள் ஓடையைத் தண்ணீர் தெறிக்கக் கடந்தாள். நூல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் குருவியை விடுவித்து, துணிப்பையில் இட்டுப் பாறைக்குக் கொண்டு வந்தாள். கையில் எடுத்தாள். சின்ன நெஞ்சு அவள் விரல்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிறகை விரித்து, ரத்த நாளத்தின் மேல் ஊசியைக் கொண்டுபோனாள்.

குருவியின் தலை சாய்ந்தது.

அலகு திறந்து மூச்சு வாங்கியது. கண் பாதி மூடியது. குளிரா, ஈரமா, பயமா? ஒரே ஒரு குத்து. ஒரு சொட்டு. அது இருந்தால் சோலை பிழைக்கும். ஆனால் இந்தக் குத்தைத் தாங்குமா இது? இந்தச் சோலையில் இது ஒன்றே ஒன்றாக இருந்தால்?

ஊசி அப்படியே நின்றது. அவள் காஜா மைதீனைப் பார்த்தாள். இவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு வேண்டியது இன்னும் ஒரு நிமிடத்தில் தானாகவே நடந்துவிடும்.

அவர் குனிந்து பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ணு செவப்பா இருக்கு,” என்றார்.

“என்னங்க சார்?”

“புளியங்கொட்டை செவப்பு. எனக்குத் தெரியாது. தெக்கத்திக் குருவிக்குக் கண்ணு என்ன நிறம்னு யாருக்குமே தெரியாதும்மா. தோலை உரிக்கும்போது கண்ணு போயிரும்லா. குழியில பஞ்சைத்தான் வைப்போம். இருபது வருசமா நான் பாத்தது பஞ்சை.” “விட்டுரு. சாகுறதுக்குள்ள விட்டுரு. நல்லா சூடு காட்டி விடு.”

அவள் ஊசியை வீசினாள். குருவியை இரண்டு கைக்குள் பொத்தி, கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். மூச்சை மெல்ல ஊதினாள். ஒரு துடிப்பு. இன்னொன்று. கைக்குள் கால் நகங்கள் கீறின. மெதுவாகக் கையைத் திறந்தாள்.

உட்கார்ந்திருந்தது. சிவந்த கண் அவளைப் பார்த்தது. பிறகு சிறகடித்துப் புதருக்குள் போய்விட்டது.

எல்லாம் போய்விட்டது என்றுதான் அங்கவை நினைத்தாள். துணிப்பையை மடிக்க எடுத்து உதறப் போனவள், சட்டென்று நின்றாள். பையின் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தன மூன்று சாம்பல் நிற இறகுகள். துடித்தபோது உதிர்ந்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் கடுகை விடச் சின்னதாக, ஈரமான சதை.

நூறு வருடத்துக் காய்ந்த விரலில் மரபணுவைப் படித்தவளுக்கு இது போதாதா? இது விருந்து!

“சார்!” என்று கத்தினாள். மேலே எங்கோ ஜெபினின் கூவல் பதிலுக்குக் கேட்டது. தூக்கு வந்துவிட்டது.

*

ஆய்வுக் குழுவின் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பறவை எங்கம்மா?”

“விட்டுட்டோமுங்க.”

“பிடிச்சதை விட்டுட்டு வந்து எங்களை நம்பச் சொன்னா எப்படி?”

அங்கவை திரையில் படத்தைக் காட்டினாள். வடக்கத்திப் பாட்டுக்கு இறகைக் கோதிக்கொண்டு நிற்கும் குருவி. தன் பாட்டுக்குப் பாய்ந்து வரும் அதே குருவி. அடுத்து, மூன்று இறகுகளின் மரபணுவையும் அருங்காட்சியகப் பறவையின் மரபணுவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள். இரண்டும் ஒரே கிளையில் நின்றன. வடக்கத்திப் பறவைகள் வெகுதூரத்தில், வேறு கிளையில்.

பின்வரிசையில் இருந்த ஒருவர், “அப்போ அது பழைய தோல் கெட்டுப் போனதால வந்த தப்பு இல்லை,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“புது இனம்னா உடம்பு வேணுமே?” என்றார் தலைவர்.

“உடம்பு இருக்குதுங்க. நூறு வருசமா இருக்குது,” என்றாள் அங்கவை. “அதையே மூல மாதிரியா வச்சுப் புது இனத்துக்குப் பேர் வைப்போமுங்க. இன்னொண்ணு சாக வேண்டியதில்லை.”

அறையின் மூலையில், மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த காஜா மைதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

சாலை உச்சிக்கு வராது என்று முடிவானது. அடிவாரத்தில் வெட்டிய மரங்கள் வெட்டியவைதான். அவற்றை யாராலும் நட்டு வைக்க முடியாது. ஆனால் சோலைகள் தப்பின. வெளியே ஜெபின் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். “ஜெயிச்சிட்டோம்லா! இன்னும் என்ன உம்முன்னு நிக்கே?”

“எத்தனை இருக்குதுன்னு தலைவர் கேட்டாரு. ஒண்ணுன்னு சொன்னேன்.”

அவன் சிரிப்பு அடங்கியது.

அடுத்த பருவத்தில் அவளும் ஜெபினும் மறுபடி மலையேறினார்கள். காஜா மைதீனின் கால் இனி மலைக்கு ஆகாது. ஆற்றங்கரை வரை வந்து, ஜீப்பில் உட்கார்ந்து கையசைத்தார். இம்முறை அவர்கள் ஒலிபெருக்கி எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு சோலையாகப் போனார்கள். ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அட்டைகள் கடித்தன, மழை நனைத்தது, கால் மரத்துப் போனது. அசையவில்லை.

வரைபடத்தில் முதன்முதலாக அடித்த சோலை. இங்கே ஒன்றுமில்லை என்று அவர்கள் அவசரமாக விட்டுப் போன இடம். மாலை மங்கியது. ஜெபின் வாயைத் திறக்கப் போனான். அங்கவை அவன் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உள்ளேயிருந்து, தாழ்ந்த குரலில் ஒன்று பாடியது. சற்றுத் தள்ளி, வேறொரு குரல் அதற்குக் கோபமாகப் பதில் சொன்னது.